அய்யா இருந்த தவமும் மனம் அடங்கும் சுகமும்

அய்யா துணை

சாமிதோப்புத் தலைமைப்பதிக்கு வருகிற அன்புக்கொடி மக்கள் முதலில் முத்திரிக்கிணற்றில் பதமிட்டுக் குளிக்கிறார்கள். பிறகு வடக்கு வாசலில் வந்து நின்று, நெற்றியில் திருநாமம் இட்டு, கண்ணை மூடுகிறார்கள். நோய் தீரவேண்டும், கடன் அடையவேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும், மகன் குடியை விடவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருக்கிறது. அதை மனதுக்குள் சொல்லி அழுகிறவர்களும் உண்டு. சிறிது நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து திரும்பும்போது, வீட்டில் இருக்கிற கஷ்டம் வீட்டில் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கி, ஒரு லேசு வந்திருக்கிறது. வந்தபோது இருந்த முகம் வேறு, போகும்போது இருக்கிற முகம் வேறு.

கஷ்டம் தீரும் முன்பே இந்தச் சுகம் எங்கிருந்து வந்தது? அந்த வடக்கு வாசல்தான் அய்யா வைகுண்டர் ஆறாண்டு காலம் தவம் இருந்த இடம். அய்யாவின் வாழ்க்கையை அந்தத் தவத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பாரம் நிறைந்த காலம்

அய்யா பிறந்த ஆண்டு 1809. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற பகுதி அப்போது திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. இன்றைய சாமிதோப்பு அந்நாளில் பூவண்டன்தோப்பு என்றும் சாஸ்தான்கோயில்விளை என்றும் அழைக்கப்பட்டது. அங்கே சான்றோர் குலத்தில் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிள்ளையாகப் பிறந்தார். பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடி என்றும் பெருமாள் என்றும் பெயரா என்று மேல்சாதியார் தடுத்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது.

தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதைக்கூட அடுத்தவர் முடிவு செய்த காலம் அது. இடுப்புக்கு மேலே துணி உடுத்த முடியாது. தலைப்பாகை கட்ட முடியாது. மேல்சாதியார் வருகிற வழியில் நடக்க முடியாது. பொதுக்கிணற்றில் தண்ணீர் கோர முடியாது. பனைக்கு வரி, தலைக்கு வரி என்று வரிகள் பல. கூலி இல்லாத ஊழிய வேலைக்கு அழைத்தால் சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

இவை உடம்பின்மேல் வைத்த பாரம். மனதின்மேல் வைத்த பாரம் இதைவிடப் பெரிது. நாம் தாழ்ந்தவர்கள்தான், தலைவிதி இதுதான் என்கிற எண்ணம் பிள்ளைப் பருவத்திலேயே உள்ளே இறங்கிவிடும். அதற்குமேல் பேய் பிசாசு பயம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பேய், மாடு செத்தாலும் பேய். கடன் வாங்கியாவது ஆடும் கோழியும் பலி கொடுத்தால்தான் தூக்கம் வரும். அதிகாரி மேல் பயம், மந்திரவாதி மேல் பயம், பக்கத்து வீட்டுக்காரன் செய்வினை வைத்துவிடுவானோ என்று பயம். பகலில் முதுகு சுமந்தது போதாது என்று ராத்திரியில் மனமும் சுமந்தது.

உடம்புப் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் உண்டு. மனப்பாரத்தை இறக்கி வைக்க அந்த மக்களுக்கு ஓர் இடம் இல்லாமல் இருந்தது. அந்த இடத்தை உண்டாக்கத்தான் அய்யா வந்தார்.

திருச்செந்தூர்க் கடல்

முத்துக்குட்டி சிறு வயது முதலே பக்தியுள்ளவராக வளர்ந்தார். வீட்டில் விஷ்ணுவுக்குப் பீடம் வைத்து வழிபட்டார். மற்றவர்களைப் போலப் பனையேறியும் வயலில் பாடுபட்டும் பிழைத்தார். புவியூரைச் சேர்ந்த திருமாலம்மாளோடு இல்வாழ்க்கை நடத்தினார். பிறகு கடுமையான நோய் கண்டது. உடம்பு உருகி, எழுந்து நடக்க முடியாத நிலை வந்தது.

மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்குக் கொண்டு வரும்படி அன்னை வெயிலாளுக்குக் கனவில் உத்தரவு கிடைத்தது. உறவினர் அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கடற்கரை வழியே போனார்கள். பிறர் தூக்கி வந்த அந்த உடம்பு தானாக எழுந்து நடந்து திருச்செந்தூர்க் கடலுக்குள் இறங்கியது. கரையில் நின்றவர்கள் கதறினார்கள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி மாதம் 20ஆம் நாள், அதாவது 1833 மார்ச் மாதம் 1ஆம் தேதி, அவர் கடலிலிருந்து வெளியே வந்தார். உள்ளே போனவர் முத்துக்குட்டி. வெளியே வந்தவர் நாராயணர் பெற்ற பிள்ளையாகிய வைகுண்டர். அகிலத்திரட்டு அம்மானை இதை விரிவாக எடுத்துரைக்கிறது.

ஆவலோடு ஓடிவந்த அன்னையிடம் அய்யா, தான் இனி அவருடைய மகன் அல்ல, நாராயணரின் மகன் என்பதை உணர்த்தினார். பெற்ற தாய்க்கு இதைவிடக் கடினமான சொல் உலகில் இல்லை. மூன்று நாள் கரையில் அழுது காத்திருந்தவருக்கு மகன் கிடைத்தான், கிடைத்த அந்த நொடியிலேயே மகன் என்ற சொந்தம் போயிற்று. ஆனால் ஒரு தாய்க்கு மட்டும் பிள்ளையாக இருந்தவர் இத்தனை பேருக்குத் தகப்பனாக ஆனது அங்கேதான். என்னுடையது என்கிற பிடி தளர்ந்த இடத்தில்தான் எல்லோருக்கும் உரியது பிறக்கிறது. தவத்தின் முதல் பாடம் தவம் தொடங்கும் முன்பே திருச்செந்தூர்க் கரையில் நடந்து முடிந்தது.

ஆறாண்டுத் தவம்

திருச்செந்தூரிலிருந்து நடந்து தெட்சணமாகிய பூவண்டன்தோப்புக்கு வந்த அய்யா உடனே போதனை செய்யவில்லை. கூட்டம் கூட்டவில்லை. தவம் இருந்தார். ஆறு ஆண்டுகளை மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றும் இரண்டிரண்டு ஆண்டுகளாகத் தவம் நடந்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள் நின்று தவம் செய்தார். இது யுகத்தவசு. கலி அழிந்து தர்மயுகம் பிறப்பதற்காகச் செய்யப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில் அமர்ந்து தவம் செய்தார். இது சாதித்தவசு. ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்கள் நிமிர்வதற்காகச் செய்யப்பட்டது. கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில் இருந்து தவம் செய்தார். இது பெண்தவசு. பெண்களின் துயர் தீர்வதற்காகச் செய்யப்பட்டது.

குழி, தரை, பீடம் என்ற இந்த வரிசையை அன்பர்கள் சிந்திக்கவேண்டும். பள்ளத்தில் தள்ளப்பட்டிருந்த ஒரு கூட்டத்துக்கு எழுந்து வரும் வழியை அய்யா தம் உடம்பினாலேயே வரைந்து காட்டினார். அடிமைப்பட்டவர் நின்ற பள்ளத்தில் தாமும் இறங்கி நின்றார். பிறகு தரைக்கு வந்தார். பிறகு மேலே அமர்ந்தார். எழுத்துப் படிக்க அனுமதி இல்லாத மக்களுக்கு இதைவிடத் தெளிவாக யார் எழுதிக் காட்ட முடியும்?

தனி மனிதனின் மனதுக்கும் இதே வரிசைதான். மனம் அடங்கி உட்காரப் போகிறவனுக்கு முதலில் வருவது குழிதான். வாய் பேசிக்கொண்டும் கை வேலை செய்துகொண்டும் இருக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது. சும்மா இருக்கத் தொடங்கியதும் பழைய கோபம், பழைய அவமானம், நாளைய கவலை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். தியானம் செய்தால் மனம் அமைதியாகும் என்றார்களே, எனக்கு இருந்த அமைதியும் போய்விட்டதே என்று பலர் அந்த இடத்திலேயே எழுந்து விடுகிறார்கள். அது கெட்ட அடையாளம் அல்ல. குழியைப் பார்த்தாயிற்று என்றுதான் பொருள். எழுந்து ஓடாமல் நின்றால் தரை வரும். தரையில் பொறுத்து அமர்ந்தால் பீடம் வரும். அய்யாவே ஒரு நிலைக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தார் என்றால் சாதாரண மனிதன் இரண்டு நாளில் சலித்துக்கொள்வது நியாயமாகாது.

எண்ணங்களை எதிர்த்துச் சண்டை போடவும் தேவையில்லை. கிணறு கலங்கினால் உள்ளே இறங்கிக் கையால் துழாவித் தெளியவைக்க முடியுமா? துழாவத் துழாவக் கலங்கல்தான் கூடும். கரையில் ஒதுங்கி இருந்தால் மண் தானாக அடியில் இறங்கும், தண்ணீர் தானாகத் தெளியும். தண்ணீரின் சுபாவமே தெளிவு. மனதின் சுபாவமும் அதுதான். எண்ணம் வந்தால் வரட்டும், அதைப் பிடிக்காமலும் விரட்டாமலும் அய்யாவின் திருநாமத்தில் மனதை வைத்திருந்தால், வந்தது வந்த வழியே போகும். சுகம் வெளியிலிருந்து கொண்டு வரப்படுவதல்ல. கலங்கல் அடங்கும்போது உள்ளே முன்பே இருந்தது தெரிகிறது, அவ்வளவுதான்.

அய்யா தவம் இருந்த நாட்களிலேயே ஊர் ஊராக மக்கள் தேடி வரத் தொடங்கினார்கள். மண்ணையும் தண்ணீரையும் கொடுத்தே அவர்களுடைய நோயைத் தீர்த்தார். பேய்களின் வலுவெல்லாம் எரிக்கப்பட்டது என்று அகிலம் சொல்கிறது. அதன் பலன் வெளிப்படையாகத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் குடியிருந்த பேய்ப் பயம் கிளம்பிப் போயிற்று. பலி நின்றது. ஆட்டுக்கும் கோழிக்கும் வாங்கிய கடன் நின்றது. பயம் என்ற ஓர் எண்ணம் விலகியதற்கே வீட்டில் விளக்கு எரிந்தது என்றால், எண்ணங்கள் எல்லாம் அடங்கினால் வருகிற வெளிச்சம் எவ்வளவு என்று அன்பர்கள் அளந்துகொள்ளலாம்.

சுசீந்திரத்தில் மவுனம், சிங்காரத்தோப்பில் பொறுமை

தவம் உண்மையா என்பது தவம் இருக்கும்போது தெரியாது. சோதனை வரும்போதுதான் தெரியும்.

பதினெட்டுச் சாதியாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள், தலைப்பாகை கட்டுகிறார்கள், தலை நிமிர்ந்து நடக்கிறார்கள் என்ற செய்தி திருவிதாங்கூர் அரசனுக்குப் போயிற்று. சேவகர்கள் வந்து அய்யாவைப் பிடித்துச் சுசீந்திரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே அரசன் தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன என்று கேட்டு அய்யாவைச் சோதித்தான். உலகத்தையே அறிந்தவருக்கு ஒரு மோதிரம் மறைந்திருக்குமா? ஆனாலும் அய்யா பதில் சொல்லவில்லை. மவுனமாக நின்றார்.

இங்கேதான் மனம் அடங்கியவருக்கும் அடங்காதவருக்கும் உள்ள வித்தியாசம். சபை நடுவில் ஒருவன் சோதித்தால், நான் யார் என்று காட்டிவிட வேண்டும் என்கிற எண்ணம் யாருக்கும் துள்ளும். காட்டினால் விடுதலை கிடைக்கும் என்கிற நிலையில் இன்னும் அதிகமாகத் துள்ளும். அய்யாவுக்கு அந்தத் துள்ளல் இல்லை. நிரூபிக்க வேண்டும் என்கிற தேவை அற்றுப்போன மனதை யாராலும் ஆட்டுவிக்க முடியாது. கேள்வி கேட்டவன் அரசனாக இருந்தும் அவன்தான் அங்கே பதிலுக்காகக் காத்திருந்தான்.

பிறகு திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா 110 நாட்கள் வைக்கப்பட்டார். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார்கள். அறைக்குள் அடைத்து மிளகாய் வற்றலைப் புகைத்தார்கள். பசித்த புலிக்கு முன் விட்டார்கள். எதுவும் அவரைத் தொடவில்லை என்பதை அன்புக்கொடி மக்கள் ஏடு வாசிப்பில் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். கேட்கும்போது புலி அடங்கியதை நினைத்துச் சந்தோஷப்படுவது இயல்பு. அதற்குமேல் ஒன்றை நினைக்கவேண்டும். ஆறு ஆண்டுகளாக உள்ளே இருக்கிற புலியை அடக்கி வைத்தவருக்கு வெளியே இருந்த புலி புதிதாக என்ன செய்துவிடும்? கோபமும் பயமும் இருக்கிற மனதுக்குத்தான் சிறை சிறையாக இருக்கும். அவை இல்லாத இடத்தில் சிறைக்கூடமும் தவக்கூடம்தான்.

தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அய்யாவை விடுவிக்கப் பார்த்தார்கள். அதை அய்யா ஏற்கவில்லை. மனம் அடங்குவது என்றால் அடிபணிந்து போவது என்று நினைக்கிறவர்களுக்கு இதுவே பதில். தமக்கு வந்த அவமானத்துக்கு அய்யா பதில் சொல்லவில்லை. மற்ற மனிதரை விலக்கச் சொன்னபோது மறுத்து நின்றார். எதை விடவேண்டும், எதை விடக்கூடாது என்பது அடங்கிய மனதுக்குத்தான் தெளிவாகத் தெரியும். கொல்லம் 1014ஆம் ஆண்டு மாசி 19ஆம் நாள், அதாவது 1839ஆம் ஆண்டு, அய்யா வெளியே வந்தார். அந்த நினைவாகவே இன்றும் மாசி 19ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து பவனி புறப்படுகிறது.

சிறையிலிருந்து வந்தவர் பழிவாங்கும் சொல் ஒன்றும் சொல்லவில்லை. கூடி வந்த மக்களைக் கலகத்துக்குத் தூண்டவில்லை. தவத்துக்கு அனுப்பினார்.

துவையல் தவசு

சிறை மீண்ட பிறகு அய்யா செய்த பெரிய காரியம் துவையல் தவசு. அதுவரை அய்யா ஒருவர் இருந்த தவத்தை இப்போது குடும்பங்கள் இருந்தன. சுமார் 700 குடும்பத்தார் கடற்கரையில் வாகைப்பதியில் கூடித் தங்கினார்கள். பிறகு முட்டப்பதியிலும் அந்தத் தவசு நடந்தது. ஆண், பெண், பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நாள்தோறும் மூன்று வேளை குளித்துத் துணி துவைத்தார்கள். பச்சரிசியும் பாசிப்பயறும் சேர்த்துக் கடல்நீரில் வேகவைத்து ஒருவேளை மட்டும் உண்டார்கள். அய்யாவின் நாமத்தைச் சொல்லி வழிபட்டார்கள்.

அழுக்கானவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று தள்ளப்பட்டவர்கள் அவர்கள். ஒரு நாள் குளித்தால் உடம்பு சுத்தமாகும். மாதக்கணக்கில் ஒரே காரியத்தை, ஒரே நேரத்தில், ஒரே கட்டுப்பாட்டோடு செய்தால் உள்ளே ஒன்று சுத்தமாகும். நாங்கள் தாழ்ந்தவர்கள் என்று அடுத்தவன் ஏற்றி வைத்த எண்ணம் அந்தக் கடல்நீரில் கரைந்து போயிற்று. போனவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய நடை மாறியிருந்தது, உடை மாறியிருந்தது, ஊரில் அவர்களைப் பார்க்கிறவர்களின் கண்ணும் மாறியது.

தியானம் என்றால் காட்டுக்குப் போகவேண்டும், குடும்பத்தை விடவேண்டும் என்று பயப்படுகிறவர்கள் துவையல் தவசை நினைக்கவேண்டும். துணி துவைப்பதும் சோறு பொங்குவதும் அங்கே தவமாயிற்று. செய்கிற காரியத்தில் மனம் முழுதாக இருந்தால் அதுவே தவம். பாத்திரம் கழுவும்போது மனம் பாத்திரத்தில் இல்லாமல் முந்தாநாள் நடந்த சண்டையில் இருந்தால், பாத்திரம் சுத்தமாகும், மனம் அழுக்காகும்.

கண்ணாடி சொல்லும் பாடம்

அய்யாவழியின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. வணங்க வருகிறவர் அதில் தம்மையே பார்க்கிறார். நெற்றியில் இட்ட வெண்ணிறத் திருநாமம் சுடர்போல அதில் தெரிகிறது. தெய்வம் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே விளக்கம்.

மனம் அடங்குவதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் உண்டு. கண்ணாடிக்கு முன் கோபக்காரன் நின்றால் கோப முகம் தெரியும். அவன் போனபிறகு கண்ணாடியில் கோபம் ஒட்டியிருப்பதில்லை. சிரிக்கிறவன் நின்றால் சிரிப்பு தெரியும். அதையும் கண்ணாடி பிடித்து வைப்பதில்லை. எண்ணம் வந்தாலும் தெரியவேண்டும், போனாலும் போகவேண்டும், இடையில் ஒட்டக்கூடாது. அடங்கிய மனம் அப்படிப்பட்டது. ஆண்டுக்கணக்காகக் கண்ணாடி முன் நின்று வணங்கியும், அண்ணன் தம்பியோடு வரப்புச் சண்டையில் பேசாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். திருநாமத்தைச் சரியாக இட்டிருக்கிறோமா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதன் கீழே இருக்கிற கண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திரும்புவதால் வருகிற குறை அது.

வீட்டில் இருந்தே பழகும் முறை

விடியுமுன் எழுந்து குளித்து, திருநாமம் இட்டு, விளக்கின் முன்னோ கண்ணாடியின் முன்னோ சிறிது நேரம் அமர்ந்தால் போதும். முதுகு நேராக இருக்கட்டும். மூச்சு தன் போக்கில் போய்வரட்டும். அதோடு சேர்த்து அய்யாவின் நாமத்தை மனதுக்குள் சொல்லவேண்டும். கொஞ்ச நேரத்தில் மனம் ரேஷன் கடைக்கோ, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ, நேற்று யாரோ சொன்ன குத்தல் பேச்சுக்கோ போய்விடும். போய்விட்டதே என்று தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். தாய் தெருவில் ஓடிய பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருவதுபோல மெதுவாக நாமத்துக்கு அழைத்து வந்தால் போதும். நூறு தரம் ஓடினால் நூறு தரம் அழைத்து வரலாம். அப்படி அழைத்து வருவதுதான் பயிற்சி. ஓடாத மனம் இருந்திருந்தால் தவமே தேவைப்பட்டிருக்காது.

முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. மெதுவாக ஒரு மாற்றம் தெரியும். வழக்கமாக வெடிக்கிற இடத்தில் ஒரு நொடி தாமதம் வரும். பிள்ளையை அடிக்க ஓங்கிய கை நிற்கும். திரும்பச் சொல்ல வந்த வார்த்தை நாக்கில் நின்றுவிடும். அந்த ஒரு நொடி பெரிய லாபம். குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் அந்த ஒரு நொடி கிடைக்காததால்தான்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மனம் அமைதியாகிவிட்டது, இனி எனக்கு யாரும் வேண்டாம் என்று ஒதுங்கினால் அது அய்யா காட்டிய வழி அல்ல. அய்யாவின் மூன்று தவங்களில் ஒன்றுகூடத் தமக்காகச் செய்தது அல்ல. யுகத்துக்காக ஒன்று, ஒடுக்கப்பட்ட சாதிக்காக ஒன்று, பெண்களுக்காக ஒன்று. தவம் முடித்து எழுந்தவர் எல்லாச் சாதியாரும் சேர்ந்து பயன்படுத்தும் முத்திரிக்கிணற்றைத் தந்தார். எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உண்ணச் செய்தார். ஊர் ஊராக நிழல்தாங்கல்கள் எழுந்தன. கீழே கிடப்பவரைத் தூக்கி விடுவதையே தர்மம் என்று போதித்தார். எண்ணங்களில் எல்லாம் பெரிய எண்ணம் நான் என்பதுதான். தனக்காக மட்டும் தியானம் செய்கிறவன் மற்ற எண்ணங்களை விட்டாலும் அந்த ஒன்றைக் கூடவே வளர்க்கிறான். காலையில் நாமம் சொல்லி அமர்ந்தவர் அன்று ஒருவருக்காவது அன்னதர்மமோ, ஓர் ஆறுதல் வார்த்தையோ கொடுத்தால்தான் அந்தத் தவம் நிறைவடையும். கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாங்கியவரைவிடக் கொடுத்தவரின் நெஞ்சுதான் அதிகம் குளிரும்.

வைகுண்டம் சென்ற நாள்

அய்யாவின் அருளால் சீடர் அரிகோபாலன், கொல்லம் 1017ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், அதாவது 1841இல், அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். அய்யா பல ஊர்களுக்குச் சென்று மக்களைச் சந்தித்து, தாங்கல்களை நிலைநிறுத்தினார். 1851 ஜூன் மாதம் 2ஆம் தேதி, கொல்லம் 1026 வைகாசி 21ஆம் நாள், திங்கட்கிழமை அய்யா வைகுண்டம் சென்றார். சாமிதோப்புத் தலைமைப்பதி அந்தத் திருமேனியைத் தாங்கிய இடத்தில் எழுந்தது.

அய்யா இந்த உலகில் மனித உருவில் இருந்தது 42 ஆண்டுகள்தான். அதில் அவதாரத்துக்குப் பிறகு கிடைத்தது 18 ஆண்டுகள். அந்தப் பதினெட்டில் ஆறு ஆண்டுகளை, மூன்றில் ஒரு பங்கை, சும்மா இருந்து தவம் செய்வதற்கே கொடுத்தார். சுற்றிலும் அத்தனை அநியாயம் நடந்துகொண்டிருந்தது. செய்யவேண்டிய வேலை மலைபோலக் கிடந்தது. ஆனாலும் முதலில் தவத்தில்தான் அமர்ந்தார். மீதி இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த மாற்றத்துக்கெல்லாம் வேர் அந்த ஆறு ஆண்டுகளில் இருக்கிறது. வேலை அதிகம், தியானத்துக்கு நேரமில்லை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

வடக்கு வாசலில் நிற்கும்போது நெஞ்சில் வருகிற லேசுக்குக் காரணம் இப்போது விளங்கும். அங்கே நின்ற அந்தச் சிறிது நேரம், குறையைச் சொல்லி முடித்த பிறகு, மனம் தன் சுமையை அய்யாவிடம் இறக்கிவிட்டுச் சும்மா இருந்தது. குறை தீர்ந்ததால் வந்த சுகமல்ல அது, மனம் அடங்கியதால் வந்த சுகம். பதியில் சிறிது நேரம் கிடைத்ததை நாள்தோறும் வீட்டில் சிறிது நேரம் பெறலாம். அதற்குக் காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், பயணச் செலவும் வேண்டாம்.

நாளை விடியுமுன் விளக்கேற்றி அமருங்கள். மனம் ஓடினால் அழைத்து வாருங்கள். எழுந்தபின் ஒருவருக்காவது உதவுங்கள். ஆறடிக் குழிக்குள் நின்று வழி காட்டிய அய்யா, அமர்ந்திருக்கிறவர் பக்கத்தில் துணையாக இருப்பார்.

அய்யா உண்டு.